வாளியோடு திரும்பி வந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே.

நீ படிக்கிற காலத்தில் பின்னால் ஓடும் ஓடையிலிருந்து வகைக்கு ஒரு ஜோடியாகப் பிடித்து வந்து தொட்டியில் வளர்த்தாயே, அந்த மீன்களை ஓடையிலேயே விட்டுவிடுங்கள், அம்மா பாவம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பாடா, விட்டது சனி என்று குதித்தவள் நான்தான். தொட்டி கழுவியே என் இடுப்பு ஒடிந்தது உனக்கு எங்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாளியும் சொம்புமாகக் கிளம்பிவிட்டேன், அப்பா முட்டி வலியோடு பின்னால் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தையல் மிஷின் மேலேயே மறந்து வைத்துவிட்டேன், ஜலதோஷத்தில் வாசனையும் தெரியவில்லை. கரையோரம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்ததை நுரை என்று நினைத்து, போய்ட்டு வாங்கய்யா என்று சிரித்துக்கொண்டே, சித்தப்பா என்று நீ பேர் வைத்த மீசை மீன் ஜோடியை முதலில் மொண்டு ஊற்றினேன். அய்யோ, என்னத்தைச் சொல்வேன்! இரண்டும் ஒரு துள்ளு துள்ளி என் கண் முன்னாலேயே மல்லாந்துவிட்டன. அடியே நிறுத்துடி, அது நுரை இல்லடி, அத்தனையும் மீனுடி என்று அப்பா கத்திக்கொண்டே வந்து கையைப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். பொடிக் குஞ்சுகூட மிச்சமில்லை. ஓடைக்கு மேல்பக்கம் துணி வெளுக்கிற பட்டறையில் மருந்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்களாம், பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நிஜச் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற மனுஷன், மிச்சத்தையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மிச்ச மீன்களைத் திரும்பக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். சித்தப்பா இருந்த மூலையைப் பார்க்க மனசு வரவில்லை. குழாய்த் தண்ணீரையும் நம்ப முடியவில்லை, நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்றுகிறேன், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு என்கிறார் அப்பா. இருக்கட்டும்.

நீ வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, தீர்க்காயுசாக நன்றாக இரு. இத்தனை நாள் கைக்கு வந்ததைப் போட்டேன், இனிமேல் தீனி என்ன, எவ்வளவு போடுவது என்று உடனே எழுது. விட்டுவிடுங்கள் என்று மட்டும் இனிமேல் எழுதாதே. எங்கே கொண்டுபோய் விடுவேன், சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா