ஒன்பதாம் அறைச் சுவர்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

செத்துப்போன என் அக்கா பேச்சியின் பெயரைப் போர்மேன் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டார்.

இந்தச் சீசனுக்கு எங்கள் ஆலைப் பட்டாசுப் பெட்டியில் டெல்லி இந்தியா கேட் படம் ஒட்டுகிறோம். போர்மேன் அங்கே போய் வந்தவர். "செத்த பட்டாளத்துக்காரக பேரெல்லாம் கல்லுல வெட்டியிருக்காகட்டி" என்று நேற்றுப் பெருமையடித்தார். முகம் தெரியாத அந்த ஆட்கள் மேல் அப்போதிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவோடு வெடித்துத் தரைமட்டமான ஒன்பதாம் அறையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். வெளிச்சுவரில் 'ஆட்கள் 4' என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே அதற்கு மேல் ஆள் இருக்கக் கூடாதாம். அதன் கீழே இன்று கரித்துண்டால் அக்கா பெயரை எழுதினேன்.

போர்மேன் வாளியோடு வந்துவிட்டார்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? ஆபீசருக வந்தா என்னட்டி சொல்ல?"

"டெல்லிக் கல்லுல இப்படி எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா அண்ணாச்சி?"

"அவுக நாட்டுக்குச் செத்தவுக."

நான் சுவரில் இருந்த 4-ஐக் காட்டினேன்.

"சரி, பேரு வேண்டாம். நாலு பேர் ரூமுல அன்னிக்கு எங்கக்காளோட ஏழு பேர உக்கார வச்சீகள்ல? அந்த நாலை அழிச்சிட்டு ஏழுன்னு எழுதுங்க."

அவர் அந்த 4 மேல் ஒரு சொட்டும் படாமல் சுற்றிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.