மூக்கை நேராக்கியவர்கள்

போளூர் ஃபிளெக்ஸ் கடையில் மை வாசனை. கணினித் திரையில் உன் முகம். நீ போய் ஓராண்டு. நினைவஞ்சலிப் படத்தைச் சரிபார்க்க உன் அம்மா என்னை அனுப்பியிருந்தார்.

இடது புருவத்தில் தழும்பு இல்லை.

“எடுத்துட்டேங்கக்கா. இப்போ இன்னா களையா இருக்காங்க பாருங்க” என்றார் கடைக்காரர்.

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில், வீரனும் பூதமும் வரும் அந்த அனிமேஷன் தொடரைப் பார்த்தோமே. ஆளுக்கொரு இயர்போன். மலை வளைவுகளில் சிக்னல் போய்விடும் என்று முந்தின நாளே இறக்கி வைத்திருப்போம். அதன் மூல நாவலை நீ முன்பே படித்திருந்தாய். அதில் வீரனுக்கு மூக்கு உடைந்திருக்கும். பூதத்தின் குகையில் திருடப் போய் உடைந்தது. தொடரில் மூக்கு நேராக இருந்தது. திருட்டே இல்லை. பூதத்துக்கோ பரிதாபமான பெரிய கண்கள், செத்துப்போன அம்மா. எனக்கு அழுகை வந்தது. நீ படத்தை நிறுத்தினாய்.

“நம்மள எதுக்கு அழ வுடறான் தெரியுமா? வீரன் திருடுனத நாம கேக்கக்கூடாதுன்னுதான்.”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டி.”

“மூக்க நேராக்குனவன நம்பாத.”

இந்த வாரம் இரண்டாம் பாகம் வந்தது. தனியாகப் பார்த்தேன். பூதமும் வீரனும் இப்போது நண்பர்கள். யார் யாரை மன்னித்தார்கள் என்று சொல்லவேயில்லை.

கடையில் உன் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. ஒன்பது வயதில், ஓடைக்கரை விளையாட்டில், நான் வீரன், நீ பூதம். நான் எறிந்த கல் உன் புருவத்தில் பட்டது. பலாமரத்திலிருந்து விழுந்ததாக வீட்டில் சொன்னாய். உன் அம்மா இன்றும் அந்த மரத்தைத் திட்டுகிறார். தழும்பு போனால் யாருக்கு வசதி?

“தழும்பத் திரும்ப வெச்சிடுங்க.”

“அம்மா பாத்தா வருத்தப்படுவாங்கக்கா.”

“நான் சொல்லிக்கிறேன்.”

சுருட்டிய ஃபிளெக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். உன் அம்மா அதைக் கட்டிலில் விரித்தார். புருவத்தை விரலால் தடவினார். மரத்தைத் திட்டத் தொடங்கினார்.

“மரம் இல்லம்மா. நான்தான். வெளையாட்டுல கல்லால அடிச்சேன். அவ பூதம்.”

விரல் அங்கேயே நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எப்பவும் அவதான் பூதமா?”

ஆமாம் என்றேன்.

நீ ஒருநாளும் கேட்காத கேள்வி அது. இப்போது என்னிடம் இருக்கிறது.