பத்தே நிமிடத்தில் கொதிக்கும் பெட்டி

1988 ஜூன் 3, வெள்ளி
காலை ஏழுக்கே வெயில் ஆள் தேடுகிறது. சரோஜினி நகர் முழுக்க தோசைக்கல். மாவு ஊற்றாததுதான் பாக்கி. கூலருக்கு நாலு வாளி தண்ணீர். பால் திரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் இன்றும் பத்து நிமிடம்தான். தொட்டால் இட்லிக் குண்டான். அண்ணா அடித்துக்கொண்டிருந்த எழுத்து திரையில் அப்படியே உறைந்தது. எந்தச் சாவிக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டதில் எழுதியதெல்லாம் மாயம்.

ஜனவரியில் வந்த பக்கவாதம் அண்ணாவின் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிற்று. மிச்சம், இடது ஆள்காட்டி விரல். அந்த விரலுக்காகத்தான் மாப்பிள்ளை ஹரீஷ் மார்ச்சில் இந்தப் பெட்டியை ஆள் வைத்து அனுப்பினான். கரோல் பாகில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கம்ப்யூட்டர் விற்கும் பஞ்சாபிப் பிள்ளை. அவனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்கு அண்ணா ஆறு வருடம் முன்பு மகளிடம் சொன்னது: "நான் கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே." உமா மிதிக்கவில்லை. அப்பாவின் பிடிவாதம் அப்படியே அச்சு.

இப்போது கூப்பிட நினைக்கிறார். கடிதம் முடிய மாட்டேன் என்கிறது.

ஜூன் 5, ஞாயிறு
தில்லிப் பேரரசின் தலைமைக் கம்ப்யூட்டர் வைத்தியனாகிய நான் இதுவரை செய்த சிகிச்சைகள்:
1. டேபிள் ஃபேன், நேர் எதிரே. பலன்: என் மிச்ச முடியும் கலைந்தது.
2. வெட்டிவேர்த் தட்டி, நனைத்து, தலைமேல். மன்னி அலறல்: "ஷாக் அடிச்சு அண்ணாவும் தம்பியும் ஜோடியா போய்ச் சேரப் போறேள்!"
3. வெந்நீர்ப் பையில் ஐஸ். பன்னிரண்டு நிமிடம் ஓடிற்று. சாதனை.
4. திட்டு. பலனில்லை.

"ஹரீஷைத்தான் கூப்பிடுங்கோளேன்" என்றாள் மன்னி. மாட்டேன். மூன்று மாதத்தில் கெடுத்துவிட்டோம் என்று அவன் முன் நிற்பதா?

ஜூன் 7, செவ்வாய்
ஆறாவது தடவை. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார். முதல் வரி எப்போதும் ஒன்றே: உமா கண்ணு. அடுத்தது, நான். அதற்கு மேல் யோசிக்க ஆரம்பிப்பார். விரல் சாவி மேலேயே நிற்கும். அதற்குள் பெட்டி கொதித்துவிடும்.

"பாதியிலேயே ஸேவ் பண்ணிடலாம் அண்ணா" என்றேன். இல்லை என்று தலையாட்டல். முப்பத்தைந்து வருடம் சர்க்கார் ஆபீஸ். கையெழுத்தாகாத காகிதம் ஃபைலுக்குள் போகக்கூடாது. திருட்டுத்தனமாகச் சாவியை அழுத்தப் போனேன். இடது கையால் மணிக்கட்டில் ஒன்று போட்டார். யானை மிதித்தால்கூட இவ்வளவு வீங்காது.

ஜூன் 8, புதன்
அரை நாள் லீவு. பஸ்ஸில் வெந்து கரோல் பாக். உமா கதவைத் திறந்ததும் கேட்டது: "அப்பா அனுப்பினாரா, நீங்களா வந்தேளா?"
"நானாத்தான்."
"சரி, டீ குடிச்சுட்டுக் கிளம்புங்கோ சித்தப்பா."
டம்ளரை எடுக்கும்போது, எங்கோ பார்த்தபடி: "அந்தப் பெட்டி ஒழுங்கா ஓடறதா?"
"ஓடறதாவது! பறக்கறது! பிரதம மந்திரி ஆபீஸ்லேர்ந்து கடன் கேட்டு ஆள் அனுப்பிண்டே இருக்கா."
சிரித்தாள். ஆறு வருடத்தில் இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்புக்காக உண்மையை விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூன் 11, சனி
ஒன்பதாவது தடவை. இரண்டாவது வரி பாதி வரை வந்தது. நின்றது. அண்ணா திரையைத் தட்டிப் பார்த்தார், கதவைத் தட்டுவது போல.
மாலை மூச்சுத் திணறல். டாக்ஸி. ஆஸ்பத்திரி. மன்னி அங்கேயே.

ஜூன் 12, ஞாயிறு
வீம்பை விட்டேன். அண்ணா திரும்பி வரும்போது பெட்டியாவது தயாராக இருக்கட்டும் என்று ஹரீஷுக்குப் போன். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தான். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினான். பின்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
"சாச்சாஜி, யே கிஸ்னே கியா?"

யார் செய்தது. நான்தான். ஏப்ரல் கடைசியில், ஆந்தி என்கிற புழுதிக்காற்று கிளம்பி வீட்டுக்குள் கொட்டும் முன், வருஷா வருஷம் போல ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினேன். மைதாப் பசை மீந்தது. பெட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டைகளையும் அடைத்தேன். உலகத்திலேயே புழுதி புகாத ஒரே கம்ப்யூட்டர் என்று மன்னியிடம் பீற்றல் வேறு. சுவரோடு தள்ளி வைத்ததோடு மறந்தே போனேன். முன்னும் மேலும் வைத்தியம் பார்த்தவன் பின்னால் பார்க்கவில்லை.

ஹரீஷ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திருப்புளியால் சுரண்டி எடுத்தான். உள்ளே இருந்த காற்றாடிக்குக் காற்று போக வழி கிடைத்தது. மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். உறையவே இல்லை.
போகும்போது, "உமாவிடம் அப்பா ஆஸ்பத்திரியில் என்று சொல்கிறேன்" என்றான் ஹிந்தியில். சொல் என்றேன்.

ஜூன் 13, திங்கள்
அண்ணா போய்விட்டார், காலை ஐந்தேகால்.
உமா ஆறரைக்கு வந்தாள். கூப்பிடாமலே.

ஜூன் 16, வியாழன்
புழுக்கம். வந்தவர்கள் போய்விட்டார்கள். மன்னி படுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் வேலை இல்லாமல்.

ஒன்று தோன்றியது. நானே அடித்துவிட்டால் என்ன? மன்னிப்பு, ஆசீர்வாதம், கண்ணீர், நாலு பக்கம். என்னால் முடியாததா? உட்கார்ந்தேன். உமா கண்ணு, நான். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை. அழித்தேன்.

மத்தியானம் உமா கேட்டாள். "அப்பா எனக்கு ஏதாவது எழுதினாரா சித்தப்பா?"

சொன்னேன். பசை, பேப்பர், சுவர், எல்லாம். "ஒவ்வொரு தடவையும் முதல் வரி 'உமா கண்ணு'தான். ஒன்பது தடவை ஆரம்பிச்சார்டி."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "நீங்க ஒன்பதுன்னா ஒண்ணு இருக்கும் சித்தப்பா."

"சத்தியமா ஒன்பது."

"ஒண்ணே போதும், விடுங்கோ" என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு மன்னிக்குக் காபி போடப் போனாள்.

ஒன்பதுதான். பக்கத்திலேயே நின்று எண்ணினேன்.