பாத்திரத்தில் இட்ட இனிப்பு

ஜூன் 17

ஆற்றில் நீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. அக்கரையில் லாவோஸ் மலைகள் விடியலில் தெரிவதில்லை. வெயில் வந்த பிறகுதான், யாரோ ஈரத்துணியால் மெல்லத் துடைத்துக் காட்டுவதுபோல வெளிவருகின்றன.

சுகாதார நிலையத்துக்குப் போனேன். எடை பார்க்கும் கருவியில் ஏறியதும் நர்ஸ் ஒரதாய் எண்ணை உரக்கப் படித்தாள். எண்பத்தொன்பது கிலோ. வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டால், முதலில் சாப்பாட்டை மாற்றுங்கள் என்கிறாள். இரத்தத்தில் சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். பள்ளியில் என்னிடம் புவியியல் படித்தவள்.

"ஒவ்வொரு ஆறும் எங்க பொறந்து எங்க போய்ச் சேருதுன்னு எங்களை உருப்போட வெச்சீங்களே வாத்தியாரே. நீங்க திங்கிறது எங்க போய்ச் சேருதுன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூன் 19

ஓர் ஒழுங்கு செய்துகொண்டேன். ஒட்டரிசிச் சோறு காலையில் மட்டும், அதுவும் ஒரு கைப்பிடி. முதலில் காய், பிறகு மீன், கடைசியில்தான் சோறு. மாலையில் வேகவைத்த காய்கறி. இனிப்பு கிடையாது.

இனிப்பில்தான் சிக்கல். என் மனைவி புவாபன் இறந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. அவள் தங்கை லாம்துவான் காலைச் சந்தையில் இனிப்புக் கடை வைத்திருக்கிறாள். தினமும் கடைக்குப் போகும் வழியில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களைத் தந்துவிட்டுப் போவாள். தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசி, மேலே பனைவெல்லமும் முட்டையும் சேர்த்து அவித்த கூழ். ஒன்று பிச்சைக்கு வரும் பிக்குவின் பாத்திரத்துக்கு. அதாவது புவாபனுக்கு, இங்கே பாத்திரத்தில் இடுவதுதானே அங்கே அவளுக்குப் போய்ச் சேர்கிறது. மற்றது எனக்கு.

இனி வேண்டாம் என்று லாம்துவானிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் பாத்திரத்தில் இட்டேன். புவாபனுக்கு இரட்டைப் பங்கு. யாருக்கும் மனவருத்தமில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 23

பசி. அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11

மழைக்கால விரதம் தொடங்கிவிட்டது. பிக்குகள் மூன்று மாதம் மடத்தை விட்டு வேற்றூரில் தங்கமாட்டார்கள். இந்த மூன்று மாதமும் என் ஒழுங்கை மீறுவதில்லை என்று புத்தர் முன்னால் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். உரக்கச் சொல்லவில்லை. முடியாமல் போனால்?

எங்கள் தெருவுக்குப் பிச்சைக்கு வருபவர் பிக்கு தோங்தாம். சிறு வயதில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு அவன் படகோட்டினான், நான் பாடம் சொன்னேன். வயதான பிறகு காவி உடுத்தினான் — உடுத்தினார். இன்னும் எனக்குச் சில நாள் "அவன்" என்றே வருகிறது.

ஜூலை 27

உடம்பு இலேசாகிறது. மதியம் பாயில் படுத்தால் தரை என்னை அழுத்துவதில்லை. கட்டவிழ்த்த படகு கரையோரம் தானே அசைவதுபோல் இருக்கிறது. கூரையில் மழை. தூக்கமா விழிப்பா தெரியாத அந்த நேரத்தில் பாகற்கொடித் தளிரின் வாசனைகூடத் தனியாக வருகிறது. இத்தனை வருஷம் மிளகாய்த் துவையலில் முக்கி விழுங்கிய கீரைக்கு ஒரு மணம் உண்டென்று இப்போதுதான் தெரிகிறது. முழங்கால் வலி எப்போது போனது? கவனிக்கவில்லை. போனதைக் கவனிக்காமல் இருப்பதும் ஒரு சுகம்.

ஆகஸ்ட் 9

இன்று பிக்கு தோங்தாம் என் வீட்டு வாசலில் தடுமாறி, வேலியைப் பிடித்துக்கொண்டார். கணுக்கால் வீங்கியிருந்தது. வெறுங்காலின் பெருவிரலில் கட்டு. கட்டின் மேலே சேறு. முகம் உப்பி, கண்கள் சிறுத்து — தினமும்தானே பார்க்கிறேன், எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? குனிந்து பாத்திரத்தை மட்டுமே பார்ப்பது மரியாதை என்று பழகிவிட்டோம்.

பொட்டலங்கள் கையில் இருந்தன. இட்டுவிட்டேன்.

பிறகு ஒரதாயிடம் கேட்டேன். அவருக்குச் சர்க்கரை ஏறிப் புண் ஆறவில்லையாம். "என்னத்தைச் சாப்பிடுறீங்கன்னு கேட்டா சிரிக்கிறார். இட்டதைத்தானே திங்கணும்? இது வேணும் அது வேணாம்னு அவர் வாயால கேக்கக் கூடாது. என்ன வேணும்னு கேளுங்க சாமின்னு ஊர்ல ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னாத்தான் கேக்கலாம். அந்த ஒருத்தரைத்தான் காணோம்."

என் எடை எண்பத்துநான்கு கிலோவாம். பாராட்டினாள். நான் கருவியிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினேன்.

ஆகஸ்ட் 10

என் உடம்பிலிருந்து இறங்கியது எங்கே போனது? அவர் காலுக்குப் போயிருக்கிறது. மிகைப்படுத்துகிறேனா? ஊரே இனிப்புத்தான் இடுகிறது, என் இரண்டு பொட்டலம் மட்டுமா காரணம்? இல்லைதான். ஆனால் அதில் ஒன்று, எனக்கு நஞ்சு என்று தெரிந்தே நான் இட்டது.

ஆகஸ்ட் 11

லாம்துவானிடம் பேசினேன். பேசினேன் என்பது பெரிய வார்த்தை. நாளை முதல் இனிப்புக்குப் பதில் கீரையும் மீனும் இடலாமா என்று இழுத்தேன். காரணத்தைச் சொல்வதற்குள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"அத்தான், அக்காவுக்கு இனிப்புன்னா உசுரு. கீரைன்னா தட்டையே தள்ளி வைப்பா. நீங்க மெலிஞ்சு மாப்பிள்ளை ஆகுறதுக்கு அவ அங்க கீரையைத் திங்கணுமா? பசியோட கனவுல வந்து நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

பொட்டலங்களை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். பிக்கு வந்தார். இட்டேன்.

ஆகஸ்ட் 15

இன்றும் இட்டேன்.

ஆகஸ்ட் 20

பிக்கு வரவில்லை. நேற்று மாகாண மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விரலை எடுக்க வேண்டி வரலாம், தாமதித்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். பொட்டலங்கள் மேசையில் இருந்தன. மதியம் எறும்பு மொய்த்துவிட்டது. படகோட்டிய காலத்தில் தோங்தாம் துறையில் ஒற்றைக் காலில் நின்று துடுப்பு வலிப்பான், எங்களுக்கு வேடிக்கை காட்ட. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீர் போகிறதா, கரை போகிறதா?

ஆகஸ்ட் 26

திரும்பிவிட்டார். விரல் இருக்கிறது, இப்போதைக்கு.

மழை விட்டதும் மடத்துக்குப் போனேன். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மேலே போய் நின்றபின்தான் உறைத்தது, மடத்துப் படிகளில் எங்கும் உட்காராமல் ஏறியிருக்கிறேன். அந்த வியப்பில் ஒத்திகை பார்த்தது மறந்துபோயிற்று.

அவர் போதிமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை வணங்கினேன். நான்காவதாகவும் வணங்கப் போனேன். மழை நல்ல மழை என்றார். ஆமாம் என்றேன். எழுந்துகூட விட்டேன். பிறகு எப்படியோ வந்தது.

"சாமி, உங்க உடம்புக்கு எது ஒத்துக்குமோ அதை எங்கிட்ட கேளுங்க. தினமும். நான் இருக்கிற வரைக்கும்."

இலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாகற்கொழுந்து," என்றார் மெதுவாக. "விரால் மீன், உப்பு கம்மியா, வேகவெச்சது. சோறு கொஞ்சம்." சற்று நிறுத்தி, "இதுக்கு மேல எதையும் கேக்க விடாதீங்க வாத்தியாரே. நாக்கு பொல்லாதது. அப்புறம் லாம்துவான் கடைக்கு வந்து நிக்கும்," என்றார். சிரித்தபோது கண் ஈரமாக இருந்ததுபோல் தோன்றியது. என் கண்ணாடியில் பட்ட மழையாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 27

லாம்துவானிடம் முழுவதும் சொன்னேன், பிக்குவின் காலைப் பற்றியும். இந்த முறை நடுவில் நிறுத்தவில்லை. தினமும் தன் கடையைத் தாண்டித்தான் நடக்கிறார், அவர் பாதத்தை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்றாள். பிறகு பொட்டலங்களைக் கூடையில் திருப்பி வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் போனாள்.

ஆகஸ்ட் 28

விடியலில் வாசலில் ஒரு விரால், வாழையிலையில் சுற்றி, நன்றாகச் செதில் நீக்கி. கூப்பிடாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பாத்திரத்தில் கீரையை இட்டேன். மன்னித்துக்கொள், புவாபன்.

செப்டம்பர் 14

லாம்துவான் சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். தன் கடைக்கு வருபவர்களிடமே, பாத்திரத்துக்கென்றால் இனிப்பு தரமாட்டேன், பக்கத்து மீன்கடைக்குப் போ என்கிறாளாம். மாலையில் மடத்துக்குச் சர்க்கரைப் பானம் கொண்டுபோனவர்களும் இப்போது வெறும் இஞ்சி நீர் கொண்டுபோகிறார்கள். புண் விளிம்பில் புதுத்தோல் வருகிறது என்று ஒரதாய் சொன்னாள்.

புவாபன் கனவில் வரவில்லை. வரவில்லை என்பதற்கு என்ன பொருள்?

அக்டோபர் 8

விரதக்காலம் நேற்றோடு முடிந்தது. பிக்கு தோங்தாம் கட்டில்லாத காலோடு வந்தார். மெதுவாகத்தான், ஆனால் எதையும் பிடிக்காமல். அவர் பாத்திரத்துக்குள் ஏற்கெனவே பூசணி, அவித்த மீன், யாரோ இட்ட முட்டை. நான் கொழுந்தை இட்டேன். அவர் ஆசி சொல்ல, நான் புவாபன் பெயரை நினைத்து, புண்ணியம் அவளைச் சேர, மரத்தடியில் நீர் வார்த்தேன்.

மதியம் கண்ணயர்ந்தேன். ஆறு வீட்டுக்குள் வந்திருந்தது, ஆழமில்லாமல், தெளிவாக. புவாபன் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்து, கையால் கீரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பு போதுமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. வாய் நிறைய இருந்தது.