தடியை நகர்த்தியது ஐயனார் இல்லை

என்னைக் கடைசியில் மகள் என்று கூப்பிட்ட மாமிக்கு,

வவுனியாவில் ஒரு முகாமில், தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்து எழுதுகிறேன். உங்கள் மகன் சுகம். பேத்தி வளர்ந்துவிட்டாள். எனக்குத்தான் நாரி பிடித்து இடுப்பு இறுகிவிட்டது. வரிசையில் நின்று தண்ணிக் கான் தூக்கித் தூக்கி, இப்போது குனிந்தால் நிமிர முடிவதில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கோ, உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சமாதான காலத்தில் உங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறதா? வயலில் களை பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த நாரி உங்களுடையது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தரும் பிள்ளை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, நெஞ்சளவு தண்ணியில நடவுங்கோ. தண்ணி உங்கட பாரத்தைத் தாங்கும், நாரி நோகாது. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். பிறகு ஒரு முழங்காலை மடிச்சு நெஞ்சுக்குக் கொண்டு வாங்கோ. தனியப் போகாதேங்கோ.”

“குளத்துக்கையோ பிள்ளை?”

“ஓம், குளம் காணும், அதுவே போதும்.”

துணைக்கு நான் வந்தேன். குறுக்குக்கட்டோடு இறங்கி, நெஞ்சளவு வரும் இடத்தில் ஒரு பூவரசந் தடியை ஊன்றினீர்கள். கரையைப் பார்த்தபடி, தடி முதுகில் தட்டும் வரைக்கும் பின்பக்கமாக நடப்பீர்கள். குளிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “மாமிக்கு றிவேஸ் விழுந்திட்டுது” என்று அவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஆனால் நாரி இளகியது. மூன்றாம் மாதம் குனிந்து முற்றம் கூட்டினீர்கள். அடுத்த நாள் குசினிக்குள் வந்து அடுப்படியில் குந்தினீர்கள். எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அன்றைக்குத்தான். நீங்கள் பாயில் கிடந்த காலம் முழுக்க அந்தக் குசினி என்னுடையது. “தோட்டத்துப் பெட்டைக்குத் தேத்தண்ணி மட்டுந்தான் வாலாயம், கறி கைவராது” என்று சொல்லி, அன்றைக்கே என் கறியை நாய்க்கு ஊற்றினீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, இந்த மண்ணில் காடு வெட்டிய என் அப்பாவையும் சேர்த்துத்தான் ஊற்றினீர்கள்.

மறுநாள் விடிய உடுப்புத் தோய்க்கப் போனவள், தடியைப் பிடுங்கி நாலு முழம் உள்ளுக்குத் தள்ளி ஊன்றினேன். கழுத்தளவு வந்தால் பயந்து கத்துவீர்கள், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் நான் நினைத்தது. குளக்கட்டுக்கு மண் வெட்டின, ஆள் தாழும் கிடங்கு அங்கே இருப்பது தெரியாதா என்று கேட்டால், தெரியும்.

நீங்கள் பின்பக்கமாக நடந்தீர்கள். தடி தட்டவில்லை. இன்னும் நடந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை மறைந்த பிறகுதான் பாய்ந்து, கொண்டையைப் பிடித்து இழுத்தேன்.

இருமி இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு நீங்கள் தடியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. “ஐயனார் தள்ளி வச்சிட்டார். அவற்ற குளத்துக்கை கூத்தாடுறன் எண்டு கோவம்” என்று குளக்கட்டுப் பக்கம் கும்பிட்டீர்கள். குளக்கட்டில் அவருக்குப் பொங்கிப் படைத்து, இனித் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். அந்தப் பானையைத் துழாவியது நான். சர்க்கரை காணுமோ என்று மட்டும் கேட்டேன்.

“மருமகள் இல்லாட்டி நான் செத்திருப்பன்” என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். குசினியை என்னிடமே விட்டீர்கள். மகள் என்றீர்கள். அடுத்த போகத்துக்குள் உங்கள் நாரி மரக்கட்டையாய் இறுகிப் போனது.

பிறகு சண்டை வந்து, இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தோம். உங்கள் மகன் வெட்டிய பங்கருக்கு வாசல் சின்னது. குனிந்துதான் இறங்க வேண்டும். ஷெல் விழத் தொடங்க, நான் பிள்ளையோடு இறங்கிவிட்டேன். அவர் உங்களைக் குனிய வைக்கப் பார்த்தார். நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

“விடு தம்பி, எனக்குக் குனிய ஏலாது. நீ இறங்கு. மகள், நீ தலையை வெளியில காட்டாதை.”

நான் காட்டவில்லை, மாமி. வாழ்க்கையில் ஒருநாள் உங்கள் சொல் கேட்டேன். அவரும் நானும் ஏறி வந்து பார்த்தபோது, நீங்கள் ஷெல் துண்டு பட்டு, வெளியே பாயில் இருந்தபடியே உயிர் போய்ச் சரிந்திருந்தீர்கள்.

இப்போது உங்கள் மகன் கும்பிடுவதில்லை. முகாமில் சனம் ஒரு கல்லை வைத்துக் கற்பூரம் கொளுத்தினால், “என்ர அம்மாவைத் தண்ணியில இருந்து விரட்டி, குனிய ஏலாமப் பண்ணிச் சாக்காட்டினவர் ஐயனார்” என்று காறித் துப்புகிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். உண்மையைச் சொன்னால் என்னை வைத்திருப்பாரா? அவரும் பிள்ளையும் இல்லாமல் எனக்கு வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

நேற்று என் நாரிக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார்: “முகாமை விட்டு வெளியால விட்ட உடன உன்னைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். நானே தடி நட்டுப் பக்கத்தில நிக்கிறன். நீ என்ர அம்மாவைக் காப்பாத்தினனி.”

அந்தக் கையின் சூடு முதுகில் இருக்கும்போதே இதை எழுதத் தொடங்கினேன். உங்களுக்கு வாக்குத் தருகிறேன், மாமி. நான் அந்தத் தண்ணீரில் கால் வைக்க முதல் இந்தக் கடிதம் அவர் கையில் இருக்கும். வாசித்து முடித்த பிறகு தடியை எங்கே நடுவது என்று அவரே முடிவு செய்யட்டும். நான் பின்பக்கமாகத்தான் நடப்பேன், திரும்பிப் பார்க்கமாட்டேன்.

உங்கள் மருமகள்,
தோட்டத்துப் பெட்டை