துணிக்கொடி கட்டிய கம்பி

ஜூன் 3

என் கல்லுப்பொறுக்கிக்கு,

அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் நான், உன் அப்பன், உன் அம்மா, பக்கத்து வீட்டுக் கொத்தனார், சம்மட்டியோடு நீ. சரிவில் ஓடிய விரிசலுக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி என்று மூன்று ஜோடி அடித்தாய். மூன்றுக்கும் ஒரே இடைவெளி. அதற்குச் சரியாக ஒரு கயிறு வெட்டி என் கையில் கொடுத்து, "பாட்டி, உங்களுக்குத்தான் எதுவும் மறக்காது. மழை விட்டதும் வச்சுப் பாருங்க. கயிறு எட்டலேன்னா மண்ணு நகருதுன்னு அர்த்தம்" என்றாய். கொத்தனார், "அது எங்க போகும், கால் முளைச்சிருக்கா" என்று சிரித்தார்.

உன் அம்மாவும் சிரித்தாள். இப்போது அவள் செய்திருப்பதைக் கேள். நடு ஜோடியின் கீழ்க்கம்பியிலிருந்து குளியலறைச் சுவருக்குத் துணிக்கொடி கட்டிவிட்டாள். அதில் ஈரப் போர்வையைப் போடுகிறாள். கேட்டால், "கம்பி சும்மாதானே நிக்குது, அத்தை" என்கிறாள். நான் காய்ச்சலில் கிடந்த வாரம் சோற்றுக்கு உப்புப் போடாமல் வைத்தவள் அவள். நீ பிறந்தபோது உன்னை மூன்றாம் ஆளாகத்தான் என் கையில் கொடுத்தாள். மூன்று இடத்திலும் கயிறு இரண்டு விரற்கடை எட்டவில்லை. இவளோடு ஒரே கூரையில் எப்படி இருப்பது என்று நீயே சொல்.

உன் அப்பன் அந்தப் பின்னறையில்தான் படுக்கிறான். என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "எம்மா, எம் பொண்ணு இதைத்தானே படிக்கிறா. அவ போன்னு எழுதட்டும், அடுத்த பஸ்ஸுல கிளம்பிடுறேன்" என்கிறான். நீ இருக்கும் முகாமில் போன் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பதில் போடு.

பாட்டி

ஜூன் 17

அன்புள்ள பாட்டி,

உங்கள் கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து முகாமுக்கு வந்தது. பாறை உடைத்து உடைத்து என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நாள் முழுக்க வரைபடத்தோடு ஓடைகளில் நடக்கிறோம். ஒவ்வொரு கல்லையும் கையில் எடுக்கும்போது நீங்கள் வைத்த பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரு துணிக்கொடிக்காகவா நீங்களும் அம்மாவும் சண்டை போடுகிறீர்கள்? நான் பிறந்த நாள்வரைக்கும் போய்விட்டீர்களே. ஈரப் போர்வை இழுத்தால் கம்பி சாயத்தான் செய்யும், பாட்டி. எங்கள் ஆசிரியரிடம் சொன்னேன். "துணி காயவைத்த கம்பியை வைத்து நிலத்தை அளக்க முடியுமா" என்றார். முகாமே சிரித்தது.

கொடியை அவிழ்க்கச் சொல்லுங்கள். லீவுக்கு வந்ததும் நானே புதுக் கம்பி அடிக்கிறேன். அதுவரை அப்பாவிடம் எங்கும் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவோடு கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்.

உங்கள் கல்லுப்பொறுக்கி

ஆகஸ்ட் 9

பாட்டி,

சரிவு இறங்கி அப்பா போனபின் இது மூன்றாவது கடிதம். காரியத்துக்கு வந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அம்மாதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆய்வகத்தில் உட்கார முடியவில்லை. மண்மாதிரிப் பெட்டியைத் திறந்தால் அந்த ஈரவாசம் வருகிறது. படிப்பை விட்டுவிடப் போகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 25

பேத்திக்கு,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நானும் உன் அம்மாவும் இப்போது ஒரே அறையில் இருக்கிறோம். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. காலையில் என் தலையைச் சீவிவிடுகிறாள். துவைத்த துணியை நாற்காலி முதுகில் காயப்போடுகிறாள். கொடி கட்டித் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம் அத்தை" என்றாள். அவளுக்கும் எனக்கும் இருந்த கணக்கெல்லாம் தீர்ந்தது. உப்பு உட்பட.

உன் கடிதம் வந்த அன்று உன் அப்பன் அதை எனக்கும் கொத்தனாருக்கும் சத்தமாக வாசித்தான். "பாத்தியாம்மா, எம் பொண்ணு எழுதிட்டா. நீயும் உன் கயிறும்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. கிளம்புவதற்கு எடுத்து வைத்திருந்த பெட்டியை நான்தான் பிரித்தேன். சட்டைகளை மறுபடி பின்னறை ஆணியில் மாட்டினேன்.

சரிவு இறங்கிய அன்று காலை அவன் அங்கே சவரம் செய்துகொண்டிருந்தான். மண்ணிலிருந்து எடுத்தபோது ஒரு கன்னம் வழித்திருந்தது, மறு கன்னம் அப்படியே இருந்தது. நான்தான் கழுவினேன்.

கொத்தனார் சிரித்தார். ஆனால் வெறுங்கையால் தோண்டியவரும் அவர்தான். அவர்மேல் ஒன்றுமில்லை. உன் ஆசிரியருக்கு எங்கள் சரிவு தெரியாது, நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். அவர்மேலும் ஒன்றுமில்லை.

கொடி கட்டியது நடு ஜோடியில். எட்டாதது மூன்றிலும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன் என்றாலும் அதை எழுதியிருந்தேன். நீ என் சண்டையை வாசித்தாய். அதற்கு நடுவே இருந்த அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை.

படிப்பை விடாதே. இதை உனக்காகச் சொல்லவில்லை. வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குப் பின்னாலும் விரிசல் இருக்கும்.

இனி எழுத மாட்டேன். நீ எழுதினால் உன் அம்மா வாசித்துக்கொள்வாள். எல்லாரையும் விட்டுவிட்டேன், ஒருத்தி மட்டும் மிச்சம். சாகும்வரை அவளை மன்னிக்க மாட்டேன். அவளுக்குப் பெயர் வைத்தவள் நானே:

கல்லுப்பொறுக்கி.