வாரில் மாட்டிய கால்

ஆகஸ்ட் 17, சனி

இன்று நான் சொல்லாதது: நடைவழியில் கிடந்தது என் பையின் வார்.

யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து பதினான்கு பேர் போனோம். எங்கள் பாதிரியார் லூசியோவும் யூத குரு ரபி எசெக்கியேலும் ஒரு வருடமாகப் பேசிப் பேசி ஏற்பாடு செய்தது. காவலாளி பைகளைத் திறந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கச் சொன்னான். என் பையில் இந்த நோட்டு இருந்தது. விட்டுப்போக மனம் வரவில்லை. பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

யூத வேதமான தோராவின் சுருளைப் பேழையிலிருந்து எடுத்துக் கூடத்தைச் சுற்றி வருவார்கள். தூக்கி வந்தவர் பெயர் நாவும்; மரியாதைக்கு 'தோன் நாவும்' என்போம். எழுபத்தெட்டு வயது, மைப்பூ தெருவில் துணிக்கடை. எங்கள் வரிசைக்கு வந்ததும் பாதிரியார் பழக்கதோஷத்தில் சிலுவை போடக் கையைத் தூக்கி, பாதியில் காதைச் சொறிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் பை கோட்டுக்குள்ளிருந்து நழுவியிருக்க வேண்டும். அவர் கால் வாரில் மாட்டி ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

சுருள் தரையில் விழுந்தது. அதன் வெள்ளி மணிகள் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டன. யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

பையைக் காலால் உள்ளே தள்ளினேன். ஆமாம், தள்ளினேன்.

"என் முட்டி," என்றார் தோன் நாவும், தரையில் கிடந்தபடி. "என் முட்டிதான்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சுருள் விழுந்தால் பார்த்தவர்கள் உபவாசம் இருக்க வேண்டுமாம். நாற்பது நாள் என்பது பழைய வழக்கம். வியாழக்கிழமை ஒரு நாள் போதும் என்று ரபி சொல்லிவிட்டார்.

"நாமளும் இருப்போம்," என்றார் பாதிரியார், பூசை முடிந்து மாத்தே தேநீர் குடித்துக்கொண்டே. "நாமளும்தான பாத்தோம்."

"நாம போனதாலதான் விழுந்துச்சுன்னு சொல்லிருவாங்களோ, ஃபாதர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேச்சே. பெரியவருக்குக் கால் சரியில்ல, பாவம்."

நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எதற்குப் பயப்படுகிறேன்? எழுதிப் பார்க்கிறேன். குண்டு வைத்த வண்டி உள்ளே பாயாமலிருக்க ஜெபக்கூடத்தின் முன்னால் கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன என்று அர்ஜென்டினாவில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூண்களைத் தாண்டி, ஒரு கிறிஸ்தவப் பெண், கோட்டுக்குள், ஒரு பையை மறைத்து — இதை எந்த வரிசையில் சொன்னாலும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். எனக்கு மன்னிப்பு கிடைத்துவிடும். அவர் முட்டிக்கு?

ஆகஸ்ட் 22, வியாழன்

உபவாசம். தண்ணீர்கூட இல்லை. நட்சத்திரம் வந்ததும் ரொட்டியை வாயில் வைத்தேன். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சொல்லிவிடத்தான் அவர் கடைக்குப் போனேன். நாற்காலியில் சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி பெர்லா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"நீ அன்னைக்கு வந்த பொண்ணுதான? இவர நல்லாப் பாரு. ரபி ஒரு நாள் போதும்னாரு. இவருக்குப் போதலையாம். வாரத்துல திங்களும் வியாழனுமா, அந்த நாப்பது உபவாசமும் நானே இருப்பேங்கறாரு. மாத்திரைக்குக்கூட ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு."

"பெர்லா, அந்தப் பொண்ணு பொத்தான் வாங்க வந்திருக்கு. என் வயித்துக் கதை கேக்க வரல."

"வயிறுன்னு ஒண்ணு இருந்தாத்தான கதை."

இனிமேல் சுருளைத் தொட மாட்டேன் என்றும் ரபியிடம் சொல்லிவிட்டாராம்.

ஆறு பொத்தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றோடு மூன்று உபவாசம்தான் முடிந்திருக்கிறது. இன்னும் முப்பத்தேழு. அவர் உடம்பு தாங்காது. தாங்காமல் போனால் அது யார் கணக்கு?

ஆகஸ்ட் 29, வியாழன்

காலை பதினோரு மணி. பேருந்திலிருந்து பார்த்தேன், கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. செத்துட்டாரு — அப்படித்தான் நினைத்தேன், கடவுளே, அப்படியேதான் நினைத்தேன். இறங்கி ஓடினேன்.

துணி அளந்துகொண்டிருந்தவர் மயங்கி விழுந்திருக்கிறார். பெர்லா தம்ளரை நீட்ட நீட்ட முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். முன்பின்னாக, மூச்சு வாங்க. "வார் என்னோடது. பைய மறைச்சுக் கொண்டுவந்தேன். உள்ள ஒரு நோட்டுதான் இருந்துச்சு. நீங்க விழல, நான்தான் —"

முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நோட்டா?"

"ஆமா."

"பன்னெண்டு நாளா செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் படி இறங்குறேன். தெரியுமா உனக்கு?"

"இப்பவாவது குடிப்பீரா, மாட்டீரா?" என்று பெர்லா தம்ளரை மேசையில் ஓங்கி வைத்தார். பாதி சிந்தியது. மீதியை அவர் குடித்தார்.

நான் கிளம்பும்போது அவர் சொன்னார்: "எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு. நான் சொன்னா முட்டிக்கு வக்காலத்து வாங்குறேம்பாங்க."

ஆகஸ்ட் 31, சனி

ரபியின் அனுமதியோடு, ஜெபக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். 'மறைத்து' என்ற வார்த்தையில் ஒரு பெண் எழுந்து, தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாதிரியார் தலை குனிந்திருந்தார்.

செப்டம்பர் 7, சனி

எங்கள் பங்கிலிருந்து நான்கு பேர்தான் போனோம். எழுந்து போன பெண் வரவில்லை.

தோன் நாவும் மறுபடியும் சுருளைத் தூக்கி வந்தார். என் வரிசைக்கு வந்ததும் நின்று, தரையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கடந்து போனார்.